குறுங்கம்பியின் சரித்திரம்

நகரத்தில் மூன்றாவது மாடியிலோ ஏழாவது மாடியிலோ இரண்டு படுக்கையறைகளும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டில் குடியிருந்துகொண்டு, முறைப்படி பரீட்சை எழுதிச் சர்க்காரிடம் லைசென்ஸும் பெற்று, கடல் கடந்த தேசங்களிலுள்ள முன்பின் அறியாத மனிதர்களோடு தம் சொந்த வானொலி நிலையத்தின் வாயிலாகச் சம்பாஷிக்க விரும்பும் அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவருக்குக் கருவியின் விலையையும் பரீட்சையின் கடினத்தையும் காட்டிலும் பெரிய தடையாக எதிர்நிற்பது, ஏரியல் கட்ட இடமில்லை என்பதே. மொட்டை மாடி எல்லாக் குடித்தனக்காரருக்கும் பொது. அங்கே தண்ணீர்த் தொட்டிகளும் வெயிலில் வெந்நீர் காய்ச்சும் கருவிகளும் டிஷ் கிண்ணங்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சியிருப்பது துணி உலர்த்தும் பால்கனி ஒன்றே. ஹாம்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்த அன்பர்கள் இருவர் கூடினால், தோட்டமும் தென்னை மரங்களும் சூழ்ந்த வீடுகளில் நினைத்த நீளத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டிய முன்னோர்களை எண்ணிப் பெருமூச்செறிவது வழக்கம். அந்த ஏக்கம் இயல்பானதே. ஆயினும் இக்கலையின் சரித்திரத்தை ஆதியிலிருந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இடநெருக்கடி இதற்கு இடையில் வந்து சேர்ந்த தீங்கல்ல. பிள்ளைப் பருவத்திலிருந்தே கூடவந்த துணை. அமெச்சூர்கள் கண்டறிந்த பெரிய விஷயங்களிற் பல, வேண்டிய அளவு இடம் கொடுக்கப்படாமையினாலேயே கண்டறியப்பட்டவை. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல முயலுகிறேன்.

ஏரியலுக்கு இடம் ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீணையில் தந்தியின் நீளத்துக்குத் தக்கபடி சுருதி அமைவதுபோல, ஆகாயத்தில் அலையை எழுப்பும் கம்பிக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற இயற்கையான அதிர்வு ஒன்று உண்டு. கம்பியின் நீளம் அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும்போது அது தன் சுருதியில் நின்று, ஊட்டிய சக்தியை வீணாக்காமல் வெளியே அனுப்புகிறது. இதைத்தான் டைபோல் என்கிறார்கள். ஹாம்கள் நாள்தோறும் புழங்கும் 40 மீட்டர் அலைவரிசைக்கு 20 மீட்டர் நீளமுள்ள கம்பி வேண்டும். 20 மீட்டர் அலைவரிசைக்கு 10 மீட்டர். 10 மீட்டர் அலைவரிசைக்கு 5 மீட்டர். அந்தக் கம்பியும் அலைநீளத்தில் பாதி உயரத்திலாவது தொங்கினால்தான் தூர தேசங்களுக்கு எட்டக்கூடிய தாழ்ந்த கோணத்தில் அலை புறப்படும். ஏழாவது மாடிக்காரருக்கு உயரத்தில் குறைவில்லை. ஆனால் சாதாரணப் பால்கனியின் நீளம் 3 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இருபதுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தை எந்த உபாயத்தினால் ஈடுகட்டுவது என்பதே குறுங்கம்பிக்காரர்களின் நித்தியப் பிரச்சினை.

உலகத்தின் முதல் ஏரியல் ஓர் அறைக்குள் அடங்கியதாகவே இருந்தது என்பதை இங்கே நினைவுகூரத் தகும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ருஹே நகரத்துத் தொழிற்கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், மாக்ஸ்வெல் கணிதத்தினால் ஊகித்துச் சொன்ன மின்காந்த அலைகள் உண்மையிலேயே உள்ளனவா என்று சோதிக்கப் புகுந்து, 1887, 1888-ஆம் ஆண்டுகளில் சோதனைச்சாலையிலும் விரிவுரை மண்டபத்திலுமாக, இருமுனையிலும் உலோகக் கோளங்கள் பொருத்திய கம்பியொன்றின் நடுவே தீப்பொறியை எழுப்பி, தூரத்தில் வைத்திருந்த, வாய் சற்றே திறந்த செம்பு வளையத்தில் அதற்கு விடையாக நுண்ணிய பொறியொன்று மின்னுவதைக் கண்டார். அந்தக் கம்பி இன்றைய டைபோலுக்கு மூதாதை. அந்த வளையம் இன்று லூப் என்று வழங்கும் பால்கனி வளைய ஏரியலுக்கு மூதாதை. சில ஆண்டுகள் கழித்து, 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்யவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் வல்ல அலைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் காட்டினார். அக்காலத்தில் அவர் ஆராய்ந்த அலைகளிற் பல சில மில்லிமீட்டர் நீளமே உடையவை; அவற்றை ஏவிய சாதனம் ஒரு மேஜையின்மேல் அடங்கிவிடும்.

இவ்வாறு அறைக்குள் பிறந்த வித்தை வெளியே சென்று பேருருக் கொண்டது மார்க்கோனியின் கையில். தூரம் வேண்டுமானால் நீண்ட அலை வேண்டும், நீண்ட அலைக்கு நீண்ட கம்பி வேண்டும் என்பது அவர் காலத்துச் சித்தாந்தம். இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் போல்டு என்னுமிடத்தில் 200 அடி உயரமுள்ள இருபது கம்பங்களை வட்டமாக நட்டு அவர் அமைத்த ஏரியல் 1901 செப்டம்பரில் புயலில் சாய்ந்தது. மனந்தளராமல் வேறொன்றைக் கட்டிவிட்டு அட்லாண்டிக்கைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக்குச் சென்ற அவர், அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, காற்றில் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு அதிலிருந்து ஏறக்குறைய 500 அடி நீளமுள்ள கம்பியைத் தொங்கவிட்டு, மறுகரையிலிருந்து வந்த மோர்ஸ் ஒலிகளைக் கேட்டதாக அறிவித்தார். அதற்குப் பின்னர் கப்பல் கம்பெனிகளும் கடற்படைகளும் ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளையும், ஊர்ப்பரப்பை அடைக்கும் கம்பிக்காடுகளையும் நாடிச் சென்றன. ஆகாயத்தில் பெரியவர்களுக்கு ஓர் இடம், சிறியவர்களுக்கு ஓர் இடம் என்ற பாகுபாடு அப்போதே தோன்றிவிட்டது.

அந்தப் பாகுபாட்டைச் சட்டமாக்கியது அமெரிக்கா. வீட்டு மாடியில் தீப்பொறிக் கருவிகளை வைத்துக்கொண்டு பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கடற்படையின் செய்திகளுக்கு இடையூறு செய்கிறார்கள் என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. 1912 ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் மூழ்கியதும், அதனால் எழுந்த கொந்தளிப்பில் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வானொலிச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. அதன்படி அமெச்சூர்கள் 200 மீட்டருக்கும் அதற்குக் குறைந்த நீளமுள்ள அலைகளுக்கும் தள்ளப்பட்டார்கள். அக்காலத்து நிபுணர்களின் அபிப்பிராயத்தில் அந்த அலைகள் தூரம் செல்லத் தகுதியற்ற பயனில்லாத சரக்கு. அவற்றைக் கொடுத்தால் இளைஞர்கள் சில மைல்களுக்குமேல் எட்டமாட்டாமல் சோர்ந்து தாமே கலைந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் கலையவில்லை. ஹார்ட்போர்டு நகரத்தைச் சேர்ந்த ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் என்னும் எஞ்சினீயர் 1914-இல் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை ஸ்தாபித்து, ஒருவர் கொடுத்த செய்தியை அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குத் தருவதாக, நாடெங்கும் தொடர் அஞ்சல் ஒன்றை ஏற்படுத்தினார். எட்டாத தூரத்தைக் கூட்டுறவினால் எட்டுவது என்பதே அதன் தாத்பரியம்.

மகாயுத்தம் முடிந்து, விதித்திருந்த தடைகள் நீங்கியபின், குறுகிய அலைகளின் உண்மையான சக்தியைச் சோதிக்கும் ஆர்வம் மேலிட்டது. 1921 டிசம்பரில் லீக் அனுப்பிய பால் காட்லி என்ற அமெச்சூர், ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராஸன் கடற்கரையில் குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்தில் அமர்ந்து, 1300 அடி நீளத்துக்கு நிலத்தை ஒட்டி இழுத்துக் கட்டிய கம்பியின் வாயிலாக அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் குரலைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்ஸில் நீஸ் நகரத்தைச் சேர்ந்த லியான் டெலாய், ஏறக்குறைய 100 மீட்டர் அலைக்கு இறங்கி, கனெக்டிகட்டிலிருந்த பிரெட் ஷ்னெல்லோடு இருவழிச் சம்பாஷணை நடத்தினார். அட்லாண்டிக்கைக் கடந்து அமெச்சூர்கள் ஒருவரோடொருவர் பேசியது அதுவே முதல் தடவை. அலையைச் சுருக்கச் சுருக்கத் தூரம் குறைவதற்குப் பதிலாகப் பெருகுவதைக் கண்டு நிபுணர்கள் வியந்தார்கள். பூமியை ஒட்டிச் செல்லும் அலை தளர்ந்துபோனாலும், மேலே எழும் அலை வானத்தின் உயரத்திலுள்ள அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பிப் பல்லாயிரம் மைல் கடந்து இறங்குகிறது என்ற மர்மம் அப்போதுதான் துலங்கத் தொடங்கிற்று.

இந்தச் சோதனைகளின் உச்சகட்டம் 1924 அக்டோபர் 18-ஆம் தேதி நிகழ்ந்தது. லண்டனின் புறத்தே மில் ஹில் என்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஸெஸில் காய்டர் என்ற பதினெட்டு வயது மாணவன், நியூஸிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்த பிராங்க் பெல் என்பவரோடு பேசினான். பூமியில் அதைவிடத் தொலைவு ஏறக்குறைய இல்லை. இந்த மாணவனுடைய பிற்காலம் நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1936-இல் அகில இந்திய வானொலியின் பிரதான எஞ்சினீயராக வந்து, பத்தாண்டுக் காலம் இங்கே பணியாற்றியவர் அதே காய்டர்தான். பரந்த இத்தேசம் முழுவதற்கும் மத்திய அலை நிலையங்களைக் கட்டி முடிப்பது அன்றைய பணவசதிக்கு இயலாதென்று கணித்து, சிற்றலையைக் கொண்டு எல்லாப் பிராந்தியங்களையும் எட்டலாம் என்று அவர் வகுத்த திட்டத்தின்படியே நிலையங்கள் எழுந்தன. 1938 ஜூன் 16-ஆம் தேதி திறக்கப்பட்ட சென்னை நிலையமும் மத்திய அலை, சிற்றலை ஆகிய இரண்டிலும் ஒலிபரப்பிற்று. பயனற்றதென்று சிறியவர்களுக்கு ஒதுக்கிய அலையைப் பள்ளிக்கூடத்தில் பழகியவர், பின்னாளில் ஒரு மகாதேசத்துக்கே அதைப் பயன்படுத்திக் காட்டினார். நம் பேச்சுக்கு முக்கியமான செய்தி மற்றொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அலை குறுகியதனால் கம்பியும் குறுகிற்று. 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மகாநாடு 80, 40, 20, 10 மீட்டர்ப் பகுதிகளை அமெச்சூர்களுக்கு வரையறுத்தது. 1912-இல் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளை அவர்களுக்குத் தாராளமாக வழங்கியிருந்தால், நூறு மீட்டர் கம்பி கட்ட நிலமுள்ளவர்கள் மட்டுமே இன்று ஹாம்களாக இருப்பார்கள். மாடிக்குடித்தனக்காரர்கள் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

இந்தியாவில் இக்கலை வேர்விட்டதும் இதே காலத்தில்தான். 1921-இல் லைசென்ஸ் பெற்ற அமரேந்திர சந்திர குப்தா நம் நாட்டின் முதல் அமெச்சூர் என்றும், அவருக்கு அடுத்தவர் முகுல் போஸ் என்றும் சொல்லப்படுகிறது. சென்னையில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் சக்தியுள்ள கருவியினால் ஒலிபரப்பலாயிற்று. பணமுடையினால் 1927-இல் அது நின்றுபோகவே, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பை நடத்திவந்தது. நம் நகரத்தில் ஒலிபரப்பு என்ற பெரிய ஸ்தாபனத்துக்கு வித்திட்டவர்கள் வாணிபத்தை எண்ணாத ஆர்வலர்கள் சிலரே என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஒலிபரப்பு வளரவே, கம்பி கட்டும் வழக்கம் வீடுதோறும் பரவிற்று. தபாலாபீஸில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி லைசென்ஸ் புஸ்தகத்தில் குறித்துக்கொண்டு, வால்வு ரேடியோவை வைத்திருந்த குடும்பங்களில், செம்புக் கம்பியை வலையாகப் பின்னிய இரண்டு விரல் அகலமுள்ள பட்டை ஒன்றைத் தாழ்வாரத்தில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் இரு முனைகளிலும் பீங்கான் துண்டுகள். ஒரு முனையிலிருந்து இறங்கும் கம்பி ஜன்னல் சட்டத்தின் வழியே உள்ளே வந்து, ரேடியோப் பெட்டியின் முதுகில் ஏ என்று குறித்த துளையில் செருகப்பட்டிருக்கும். நாளடைவில் பச்சை படர்ந்து, குருவிகள் உட்கார்ந்து தளர்ந்து, பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அவிழ்த்து மறுபடியும் கட்டப்படும் அந்தப் பட்டையினாலேயே இலங்கை வானொலியையும் பி.பி.ஸி.யையும் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. கேட்பதற்கு அது போதும். ஒலிபரப்பு நிலையங்களின் சக்தி பெரிது, கேட்கும் கம்பி எவ்வளவு சோம்பேறியாயிருந்தாலும் பெட்டி ஈடுகொடுத்துவிடும். அனுப்புவது வேறு காரியம். பத்து வாட்டோ ஐம்பது வாட்டோ உள்ள எளிய சக்தியில் பாதி கம்பியிலேயே சூடாகிப் போனால், எதிர்க்கரைக்குச் சேர்வது மிகச் சொற்பம். ஆகவே குறுங்கம்பியின் சங்கடம் முழுவதையும் உணர்ந்தவர் அனுப்புகிறவரே.

அந்தச் சங்கடத்தை மரண பயத்தோடு சேர்த்து அனுபவித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்லக்கூடாது. 1939-இல் யுத்தம் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர்கள் தங்கள் அனுப்பும் கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்கும்படி உத்தரவாயிற்று. 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" இயக்கம் எழுந்து தலைவர்கள் பலரும் சிறை புகுந்த சமயத்தில், பம்பாயில் இருபத்திரண்டு வயது மாணவி உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும், வானொலி நுட்பம் அறிந்த நரிமன் பிரின்டர் போன்றவர்களின் உதவியைக் கொண்டு, காங்கிரஸ் ரேடியோ என்ற இரகசிய நிலையத்தை அமைத்தார்கள். ஆகஸ்டு 27-ஆம் தேதி சௌபாத்திக் கடற்கரையிலிருந்த ஸீ வியூ என்ற கட்டிடத்தில் அது தொடங்கிற்று. இந்தியாவில் எங்கிருந்தோ 42.34 மீட்டரில் பேசுவதாக அது தன்னை அறிவித்துக்கொண்டது. அந்த அலை அமெச்சூர்களின் 40 மீட்டர்ப் பகுதியைச் சேர்ந்ததே; அதற்கு முழு அளவுக் கம்பி வேண்டுமானால் 20 மீட்டருக்கு மேல் ஆகும். ஜனநெருக்கடி மிகுந்த ஒரு நகரத்தில், அண்டை வீட்டார் கண்ணிலும் வேவு பார்ப்போர் கண்ணிலும் படாமல், அனுப்பும் நிலையம் ஒன்றை வீட்டுக்கு வீடு தூக்கிச் சென்று மறுபடி மறுபடி நிறுவுவது என்பது எத்தகைய பிரயத்தனம் என்று பால்கனியில் கம்பி கட்டிப் பார்த்தவர்களுக்கே நன்கு விளங்கும். போலீஸார் திசை காணும் கருவிகளோடு துரத்தினார்கள். நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நவம்பர் 12-ஆம் தேதி அது பிடிபட்டது. உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஏறத்தாழ எழுபத்தைந்து நாட்கள் அடைபட்ட தேசத்தின் வாயாக இருந்தது, நகரத்து வீடுகளின் அறைகளுக்குள் ஒளித்து வைத்த ஒரு நிலையம்.

சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் மௌ என்னும் ஊரில் அமெச்சூர் ரேடியோ கிளப் ஆப் இந்தியா தொடங்கி, இக்கலை மறுபடியும் தளிர்த்தது. உலகெங்கும் யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்தில் நகரங்கள் நெருங்க நெருங்க, சிறிய இடத்துக்கேற்ற ஏரியல்கள் ஒவ்வொன்றாக வழக்கத்துக்கு வந்தன. அவற்றுள் அநேகம் வேறு ஏதோ நிர்ப்பந்தத்தினால் பிறந்தவை. ஆகாயக் கப்பலில் கம்பியை விரித்துக் கட்ட இடமில்லாமையாலும், தீப்பற்றும் வாயு நிறைந்த உடலருகே உயர்ந்த மின்னழுத்தம் வரலாகாது என்பதாலும், 1909-இல் ஜெர்மானியர் ஒருவர் கம்பியின் ஒரு முனையில் மட்டும் சக்தியை ஊட்டி, மீதியைக் காற்றில் தொங்கவிடும் முறையை வகுத்தார். செப்பெலின் ஏரியல் என்று பெயர் பெற்ற அதன் வழித்தோன்றலே, இன்று மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்து எதிரே உள்ள மரத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றை இழுத்து, சிறிய டிரான்ஸ்பார்மரின் வழியாக ஒரு முனையில் ஊட்டும் முறை. கடல் மட்டத்துக்கு மேல் 9000 அடிக்கும் அதிக உயரத்திலுள்ள கீடோ நகரத்தில், மெல்லிய காற்றில், தண்டுகள் வரிசையாக அமைந்த யாகி ஏரியலின் முனைகள் மின்பொறி கக்கி உருகுவதைத் தடுக்க, 1942 வாக்கில் கிளாரன்ஸ் மூர் என்ற எஞ்சினீயர் முனையே இல்லாதபடி கம்பியைச் சதுரமாக வளைத்து மூடிக் கட்டினார். அந்தச் சதுரத்தின் அகலம் யாகியின் நீளத்தில் பாதிதான். இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி 1946-இல் வகுத்த 102 அடிக் கம்பி, பல அலைவரிசைகளுக்கு ஒன்றே போதுமாகையால், சிறு தோட்டமுள்ளவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதில் பாதியளவுள்ள 51 அடிக் கம்பியையும் மொட்டை மாடிக்காரர்கள் கைக்கொண்டார்கள்.

ஆயினும் பால்கனிக்கே உரிய ஏரியல் என்று சொல்லத் தக்கது வளைய ஏரியல். ஹெர்ட்ஸின் செம்பு வளையம் வெகுகாலம் கேட்பதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது. அனுப்புவதற்கும் அது உதவும் என்பதை, காட்டுப் போரில் உயரமான கம்பம் நட வழியற்ற அமெரிக்கத் தரைப்படையினருக்காக எட்டு மூலை வடிவில் அமைத்த வளையத்தைப் பற்றி 1967-இல் கென்னத் பாட்டர்ஸன் எழுதி வெளியிட்டபின்னரே அமெச்சூர்கள் கருத்தூன்றிக் கவனித்தார்கள். ஏ.ஸி. பொருத்துகிறவர்கள் உபயோகிக்கும் செப்புக் குழாயில் சற்றுத் தடித்த ரகத்தை வாங்கி, ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையமாக வளைத்து, வாயிருக்குமிடத்தில் காற்றிடை கண்டென்ஸர் ஒன்றைப் பொருத்திவிட்டால் லூப் தயார். 20 மீட்டர் அலையில் இத்தகைய வளையத்தின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், குழாயிலோ இணைப்பிலோ உள்ள அற்பத் தடையும் சக்தியை விழுங்கிவிடும். ஆகையினாலேதான் மெல்லிய கம்பி உதவாது, தடித்த குழாயும் உருக்கி ஒட்டிய இணைப்புகளும் வேண்டும் என்கிறார்கள். நன்றாக அமைந்தால் கணக்குப்படி ஊட்டிய சக்தியில் பாதிக்குமேல் வெளியே செல்லும். அதே வளையத்தை 40 மீட்டருக்கு இழுத்தாலோ ஆறில் ஒரு பங்கு வெளியேறுவதே அரிது.

அதை மீட்டும் விதமும் பழகத் தக்க ஒரு நுட்பம். வானொலிக் கருவியில் அலைவரிசையைக் குறித்துக்கொண்டு, கண்டென்ஸரின் குமிழை மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே காதைக் கொடுத்திருந்தால், ஒரு மயிரிழைத் தூரத்தில் இரைச்சல் திடீரென்று பொங்கி எழும். அதுவே சுருதி சேர்ந்த இடம். அங்கிருந்து இருபது கிலோசைகிள் விலகினாலே மறுபடியும் குமிழைத் தொட வேண்டும். பத்து வாட்டுக்கே கண்டென்ஸரின் தகடுகளிடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுவதால், பேசும் நேரத்தில் குழந்தைகளும் கைகளும் வளையத்தின் அருகே வராதபடி பார்த்துக்கொள்வது ஹாமின் முதற்கடமை. இவ்வளவு கட்டுப்பாடுகளையும் சகித்துக்கொண்டால், துணிக்கொடிக்குப் பக்கத்தில் அடங்கியிருக்கும் அந்த வளையம் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

இட நீளத்தைத் தவிர மாடி வீட்டுக்கு வேறு இடர்களும் உண்டு. கம்பிக்கு எதிர்த்துணையாக இருக்க வேண்டிய பூமி ஏழு மாடிக்குக் கீழே இருப்பதால், அறையின் சுவரோரமாக அளவான கம்பிகளைப் படரவிட்டு அதையே பூமியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. கான்கிரீட்டுக்குள் பின்னிக் கிடக்கும் இரும்புக் கம்பிகள் அலையைத் தின்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது இரைச்சல். எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், செல்போன் சார்ஜர்கள், லிப்டு மோட்டார்கள் ஆகியவை யாவும் சிற்றலையில் ஓயாமல் ரீங்கரிக்கின்றன. இவற்றோடு ஏரியலைக் கண்டு அண்டையார் கொள்ளும் அச்சமும் சேருகிறது. அமெரிக்காவில் 1985-இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையம், ஸ்தலஸ்தாபனங்கள் அமெச்சூர் ஏரியல்களுக்கு நியாயமான இடம் தரவேண்டுமென்று உத்தரவிட்டது. ஆனால் வீடு வாங்கும்போதே கையெழுத்திட்டுத் தரும் தனியார் ஒப்பந்தங்களை அந்த உத்தரவு கட்டுப்படுத்தவில்லை. ஆகையால் அங்கே கொடிக்கம்பத்தினுள் ஏரியலை மறைத்துவைப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. நெருக்கமான வீடுகளுக்குப் பேர்போன ஜப்பானிலோ, பத்து வாட் சக்தியே அனுமதிக்கும் எளிய லைசென்ஸைக் கொண்டு இக்கலை வீதிக்கு வீதி பரவி, 1990-களின் நடுவில் பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமான நிலையங்கள் அங்கே இருந்தன. உலகத்திலேயே மிகப் பெரிய ஹாம் சமூகம், அகன்ற தோட்டங்களுள்ள தேசத்தில் உண்டாகாமல், இடத்துக்குத் தவிக்கும் தேசத்தில் உண்டாயிற்று என்பது சிந்திக்கத் தக்கது.

நெருக்கடிக்குப் பரிகாரம் சில சமயங்களில் மேலிருந்தும் வந்திருக்கிறது. 1961 டிசம்பரில் அமெச்சூர்களே செய்த ஆஸ்கார் என்ற சிறு துணைக்கோள் விண்ணேறிற்று. 1983-இல் கொலம்பியா விண்கலத்தில் சென்ற ஓவன் காரியட், கைக்கு அடங்கிய கருவியோடும் கலத்தின் ஜன்னலில் வைத்த வளைய ஏரியலோடும் பூமியிலுள்ள ஹாம்களோடு பேசினார். விண்வெளியிலிருந்து ஓர் அமெச்சூர் பேசியது அதுவே முதல் தடவை. அவருக்கும் கம்பி கட்ட ஜன்னலைத் தவிர வேறிடமில்லை. 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவிய ஹாம்ஸாட், 42.5 கிலோ எடையில் நம் தேசம் அமெச்சூர்களுக்கென்றே ஈந்த கொடை. ஒன்பதாண்டுக் காலம் அது தலைக்குமேல் கடக்கும்போதெல்லாம், கையில் பிடித்த சிறிய ஏரியலைக் கொண்டே தெற்காசியாவின் ஹாம்கள் அதன் வழியே பேசிக்கொண்டார்கள். 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2, பூமியின் சுழற்சியோடு ஒத்து ஒரே இடத்தில் நிற்பது. சென்னையிலிருந்து பார்த்தால் மேற்குத் திசையில் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் இருக்கிறது. மேற்கு நோக்கிய பால்கனி வாய்த்தவருக்கு ஒரு சிறு டிஷ் கிண்ணமே ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வாசல். பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவன் பிராங்கேயோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்ட எப்.டி.8 என்னும் முறையோ, காதுக்கே எட்டாதபடி இரைச்சலில் அமிழ்ந்து கிடக்கும் சங்கேதங்களையும் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் கண்டெடுக்கும்படி செய்துவிட்டது. திறமை குறைந்த ஏரியலின் குறையைக் கணிதம் இட்டு நிரப்புகிறது.

இவ்வளவும் பொழுதுபோக்கு என்று கருதுவோர்க்கு 2004 டிசம்பரை நினைவூட்ட விரும்புகிறேன். அந்தமானிலிருந்து அமெச்சூர் நிலையம் இயங்க வெகுகாலத்துக்குப் பின் கிடைத்த அனுமதியைக் கொண்டு, பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி காலை பூமி அதிர்ந்து ஆழிப்பேரலை புகுந்து, டெலிபோனும் மின்சாரமும் அற்றுப்போன வேளையில், அவர்கள் அந்தக் கருவியையும் கம்பியையும் வெளியே எடுத்துவந்து நிறுவி, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தித் தொடர்பாக நின்றார்கள். உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழியாகவே விடை வந்தது. அன்று உதவியவை உயர்ந்த கோபுரங்களோ நிரந்தரமான நிலையங்களோ அல்ல. எடுத்த எடுப்பில் எங்கும் கட்டத் தக்க எளிய கம்பியும், குறைந்த வசதியில் இயங்கிப் பழகிய கைகளுமே.

ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் கட்டிடத்தில் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற ஒருவர், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை பத்து மீட்டர் மெல்லிய கம்பி ஒன்று கட்டிக்கொள்ள அனுமதி கேட்டால், அதை அழகுக் குறைவென்றோ அபாயமென்றோ உடனே தள்ளிவிடாதீர்கள். மின்சாரக் கம்பிகளுக்கு எட்டாத தூரத்தில், இடிதாங்கி இணைப்போடு, எவர் தலையிலும் இடிபடாத உயரத்தில் கட்டும்படி நிபந்தனை விதியுங்கள். நிபந்தனையோடு இடமும் கொடுங்கள். வெள்ளம் சூழ்ந்து செல்போன் கோபுரங்கள் ஊமையாகும் நாளில், அந்தக் கட்டிடத்து மக்கள் அனைவருக்கும் அவர் பயன்படுவார். இளைஞர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நிலம் வாங்கித் தனிவீடு கட்டிய பிறகு தொடங்கலாம் என்று இக்கலையை ஒத்திப்போடாதீர்கள். பயனற்றதென்று தள்ளிய அலையைப் பெற்றுக்கொண்டவர்களே உலகைச் சுற்றி வந்தார்கள். பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவனே பூமியின் மறுபுறத்தை முதலில் எட்டினான். உங்களுக்குக் கிடைத்திருக்கும் 3 மீட்டர் பால்கனி அவர்களுக்குக் கிடைத்ததைவிட ஏழ்மையானதன்று. பரீட்சைக்குப் படியுங்கள், லைசென்ஸ் பெறுங்கள், இருக்கிற இடத்தில் கம்பியைக் கட்டுங்கள். அந்தக் கம்பிக்கு எது எட்டாது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பிவிடாமல், நீங்களே சோதித்து அறியுங்கள்.